பீரங்கிக் காது

ஜூன் 3, செவ்வாய்

தொண்டையில் முடிச்சு இருக்கிறதாம். குரல் நாணில், இரண்டு பக்கமும், மிளகு அளவுக்கு. டாக்டர் திரையில் காட்டினார். பார்க்கவே பிடிக்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு பண்றேன் டாக்டர். அதனாலயா?" என்றேன்.

"மைக்குல பேசறவங்களுக்கு இவ்வளவு மோசமாகாதே. வீட்ல கத்துவீங்களோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கத்தாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிவிட முடியுமா?

உத்தரவு இதுதான்: குரலை உயர்த்தவே கூடாது. கிசுகிசுவென்று காற்றுக் குரலில் பேசுவதும் கூடாதாம், அது இன்னும் கெடுதல். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவுக்கு, மெதுவாக, தேவைக்கு மட்டும். மீறினால் ஆபரேஷன் என்றார். என் பிழைப்பே குரல்தான்.

"பேசத்தானம்மா கூடாது, எழுது" என்று மகள் தன் கல்லூரி நோட்டு ஒன்றைக் கையில் திணித்தாள். முக்கால்வாசி வெற்றுத்தாள். இவள் படித்த லட்சணம்.

சரி, எழுதுகிறேன். யாரையும் வாய்விட்டுத் திட்ட முடியாதவளுக்கு இதுவாவது கிடைத்ததே.

ஜூன் 5

இன்னும் என் வேலை அறிவிப்பு அறையில்தான். ஆனால் மைக் டைம் கீப்பரிடம். நான் நேர அட்டவணையைப் பார்த்து விரலால் காட்டுவேன், அவர் படிப்பார். கிளம்பிப் போன வண்டியை எல்லாம் "தயார் நிலையில் உள்ளது" என்கிறார். பயணிகள் ஜன்னலுக்கு வந்து என்னை முறைக்கிறார்கள்.

இடையில் நேரம் கிடைக்கிறது. எங்கள் வீட்டைப் பற்றி எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே நம்பிக்கை வராது.

என் வீட்டுக்காரருடைய தாத்தா, அப்பா, பிறகு இவர் – மூன்று தலைமுறையும் பீரங்கிப் படை. முன்னறைச் சுவரில் மூன்று பேரும் சீருடையில், ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தில் நாலாவதாக ஓர் ஆணி. அது எங்கள் மகள், பாப்பா, பிறந்த வாரத்தில் மாமா, அதாவது இவருடைய அப்பா, அடித்தது. பிறந்தது பெண் என்றதும் அந்த ஆசையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். "பொண்ணுங்களையும் எடுக்கற காலம் வரும்" என்று சொல்லிக்கொண்டே சுத்தியலை ஓங்கினார். அந்தக் காலமும் வந்துவிட்டது. ஒருமுறை தெரியாத்தனமாக அந்த ஆணியில் காலண்டரை மாட்டிவிட்டேன். மாமா அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மாமாவுக்கு இரண்டு காதும் போய்விட்டது. இவருக்கு இடது காது சுத்தம், வலதில் ஏதோ ஓட்டுகிறார். இவருடைய தாத்தாவும் அப்படித்தானாம். வீட்டில் இதற்குப் பெயர் 'பீரங்கிக் காது'. பதக்கம் வாங்கியது போலத்தான் சொல்லிக்கொள்வார்கள். ஒருவரிடம் பேச வேண்டுமென்றால் முதலில் மேசையையோ சுவரையோ இரண்டு தட்டு தட்ட வேண்டும். அவர் திரும்பிய பிறகு, முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, உரக்கப் பேச வேண்டும். முதுகுக்குப் பின்னால் பேசுவது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். கல்யாணமான புதிதில் இவர்கள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன். பிறகு நானும் கற்றுக்கொண்டேன். பாப்பா பேச ஆரம்பித்ததே கத்தலில்தான்.

இப்போது என் குரல் இறங்கியதில் மாமாவுக்குக் கொண்டாட்டம். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். "உங்க பழைய பூட்ஸ தூக்கிப் போட்டுடவா?" என்றேன். அதற்கும் ஆட்டினார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று காலை சாப்பாட்டு மேசையில் ஒரே அமர்க்களம். இவர் பாப்பாவை ஓட்டத்துக்குக் கூட்டிப் போய் வந்த கையோடு மேசையைத் தட்டினார்.

"அப்பா, கேளுங்க! பின்னாடியே ஒரு லாரி. ஹார்ன் அடிக்கறான், அடிக்கறான், இவ திரும்பிக்கூடப் பாக்கல. அவன்தான் ஒதுங்கிப் போனான். பயம்னா என்னன்னே தெரியாத ஜென்மம் இது!"

மாமா பதிலுக்கு மேசையைத் தட்டினார். பாத்திரமெல்லாம் குதித்தது. "நம்ம ரத்தம்!"

"எந்த லாரி?" என்றாள் பாப்பா.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்.

ஓட்டத்தில் தேறிவிட்டாள், எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள். இனி 27ஆம் தேதி மருத்துவப் பரிசோதனை மட்டும். அதுவும் முடிந்தால் பீரங்கிப் படைக்குப் போய்விடுவாள். வீட்டில் எல்லோரும் தரையில் கால் பாவாமல் திரிகிறார்கள். எனக்கு மட்டும் வாயில் வைத்தது இறங்கவில்லை. இவர் படையில் இருந்த வருஷமெல்லாம் வாசலில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், எனக்குக் கதவைத் திறக்கவே பயம். அது முடிந்துவிட்டது, இனி நிம்மதி என்று நினைத்திருந்தேன். மறுபடியும் முதலிலிருந்தா?

இதை யாரிடம் சொல்வது? இங்கே மட்டும்தான். அவள் போக வேண்டாம். போகவே வேண்டாம்.

ஜூன் 11

அடுப்படியிலிருந்து பாப்பாவைக் கூப்பிட்டேன். மெதுவாகத்தான் – ஆனால் அவள் அடுத்த அறையில்தானே, கதவும் திறந்திருந்தது. பதில் இல்லை. கிட்டப் போனேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை.

தோளைத் தொட்டதும் திரும்பி, "என்னம்மா?" என்றாள், சாதாரணமாக.

ஏதோ யோசனையில் இருந்திருப்பாள்.

ஜூன் 12

யோசனையில் இருந்திருப்பாள் என்று நேற்று எழுதினேன். இன்று மூன்று தரம் அதே யோசனையா?

ஜூன் 14, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பாப்பா கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று, "உன் ஸ்கூட்டர் சாவிய எங்க வச்ச?" என்றேன். டாக்டர் சொன்ன அதே மெதுவான குரலில். "கதவுல மாட்டியிருக்கேன்மா" என்று டக்கென்று பதில் வந்தது. அப்பாடா என்று இருந்தது. எனக்குத்தான் பித்துப் பிடித்துவிட்டது என்று திரும்பினேன். திரும்பும்போதுதான் கண்ணாடியில் என் முகம் தெரிவதைப் பார்த்தேன்.

தோளில் கிடந்த துண்டை முகம் துடைப்பது போல வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். "உன் ஸ்கூட்டர யாரோ எடுத்துட்டுப் போறாங்க பாரு" என்றேன். அந்த ஸ்கூட்டர் என்றால் அவளுக்கு உயிர்.

சீப்பு நிற்கவில்லை. பின்னலைப் போட்டு முடித்துவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எந்த லாரி என்று கேட்டாளே. கடவுளே, எந்த லாரின்னு கேட்டாளே. நாங்க சிரிச்சோமே!

ஜூன் 15

நேற்றிலிருந்து ஒவ்வொன்றாக வருகிறது. வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் ஆள் அனுப்பினார். "கூப்பிட்டா திரும்பறதே இல்ல, ரொம்பத் திமிர்." இவர் போய் நிமிர்ந்து நின்று, "சிப்பாய் வீட்டுப் பொண்ணு மேடம், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு வந்தார். முதல் பெஞ்சில்தான் உட்காருவேன் என்று பாப்பா அடம் பிடிப்பாள். படிப்பில் அக்கறை என்று எனக்குப் பெருமை. போனில் பேசவே மாட்டாள், வீடியோ என்றால்தான் எடுப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளே அப்படித்தான் என்று நானே பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

வேறு எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் நாலு வயதில் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் தட்டிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, கத்திப் பேசுகிறோம். அப்படிப்பட்ட வீட்டில் எதைக் கண்டு சந்தேகப்படுவது? அவளுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எல்லோருக்கும் இவ்வளவுதான் கேட்கும் என்று இருந்திருப்பாள்.

ஜூன் 16

பேசாமல் இருந்துவிடலாமா? 27ஆம் தேதி அவர்களே கண்டுபிடித்து அனுப்பிவிடுவார்கள். என் மேல் பழி வராது. பாப்பா வீட்டோடு இருப்பாள். நான் கேட்டது இதுதானே.

இதுதானா கேட்டேன்?

ஜூன் 17

இவர் பாப்பாவுக்குக் காதுப் பரிசோதனை சொல்லிக்கொடுத்தார். சேர்க்கும் இடத்தில் இன்றும் பழைய முறைதானாம். டாக்டர் பின்னால் நின்றுகொண்டு முணுமுணுப்பாக எண் சொல்லுவார், இவள் திருப்பிச் சொல்ல வேண்டும். இவர் பாப்பாவை ஜன்னல் பக்கம் திருப்பி நிற்க வைத்து, பின்னால் போய் முணுமுணுத்தார். இவருடைய முணுமுணுப்பு அடுத்த தெருவுக்குக் கேட்கும். இஸ்திரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பாப்பா ஒன்றுகூடத் தவறாமல் சொன்னாள்.

"பாத்தியா!" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இன்னொரு பயம் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. எப்படியோ தேறிவிட்டால்? அவள் கெட்டிக்காரி. பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பாள். யாராவது பின்னாலிருந்து "விலகு" என்று கத்துவார்கள். அவள் "எந்த லாரி" என்பாள்.

இல்லை. நாளைக்கு அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 18

சொன்னேன். பேருந்து நிலையத்துக்கே வரச்சொல்லி, டைம் கீப்பரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அறிவிப்பு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். இப்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்த்தால் உதட்டைத்தான் பார்க்கிறாள் என்று தெரிகிறது, தெரிந்தபின் தாங்க முடியவில்லை.

"உனக்கு ஆரம்பத்துலேர்ந்தே புடிக்கல. நான் ஓடறப்போ ஒரு நாளாவது வந்து பாத்தியாம்மா? இப்ப ஒரு சாக்கு கண்டுபிடிச்சுட்ட!"

கத்தினாள். வெளியே மைக்கில் போயிருக்குமோ என்று மைக்கின் விளக்கைப் பார்த்தேன், நல்ல வேளை அணைந்திருந்தது. நான் கத்தவும் முடியாது. எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் பேரைச் சொன்னேன். செல்லப்பேர், முழுப்பேர், பிறகு சின்ன வயதில் கூப்பிட்ட அந்தக் கோமாளிப் பேர். அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "பேசிட்டியா?" என்றாள்.

"பேசிட்டேன்" என்று முன்னால் வந்து சொன்னேன்.

அழவில்லை. "எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நெனச்சேன்மா" என்றாள்.

நான்தான் அழுதேன்.

ஜூன் 19

தொண்டை டாக்டர்தான் காது டாக்டரும். ஒரு சின்ன அறையில் பாப்பாவின் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்துவேனா என்றது.

இரண்டு காதிலும் குறை. இன்று நேற்று வந்ததில்லை, பிறவியிலிருந்தே இருக்கலாமாம்.

"குடும்பத்துல வேற யாருக்காவது?" என்றார் டாக்டர்.

"எல்லாருக்கும்" என்றேன். "ஆனா அது பீரங்கிச் சத்தத்துல போனது."

"இந்தப் பொண்ணு எந்தப் பீரங்கிகிட்ட நின்னுச்சு?" என்று கேட்டுவிட்டு, கோபமில்லாமல் சொன்னார்: "அப்பா, தாத்தா ரெண்டு பேரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. சத்தம் கெடுத்திருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா அது மட்டும்தானான்னு பாக்கணும்."

ஸ்கூட்டரைக் கிளப்பும் முன் பாப்பா ஹெல்மெட்டைக் கழற்றி, "27ஆம் தேதி வரைக்கும் அப்பாகிட்ட சொல்லாத" என்றாள். "நான் உதட்டப் பாத்தே இவ்வளவு தூரம் வந்திருக்கேன். இதையும் தாண்டிடுவேன்."

"எப்படி? அவர் பின்னாடி நிப்பாராமே?"

"பாத்துக்கறேன்."

சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் ஏன் கொடுத்தேன்?

ஜூன் 20

இன்று இல்லாத வண்டிக்கெல்லாம் டைம் கீப்பர் அறிவிப்பு கொடுத்தார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

எல்லாம் உடைந்துவிட்டது.

மாமா காது கேட்காதவர், அதனால் ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். அவர் வாழ்நாள் முழுவதும் மற்றவர் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவர். சாயங்காலம் இவர் கிடங்கில் காவல் பணி முடிந்து இன்னும் வந்திருக்கவில்லை. மாமா மேசையைத் தட்டினார். பாப்பாவையும் என்னையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"ஒரு வாரமா ரெண்டு பேர் மூஞ்சியும் சரியில்ல. இவ பின்னாடி நின்னு நின்னு நீ என்னம்மா பேசிப் பாக்குற?"

வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தம் வராமல் சொன்னேன். அவருக்கு அது போதும். பாப்பாவுக்குக் காது கேட்கல மாமா. பிறவியிலேர்ந்து.

எதையாவது தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார். ரகசியம்தான், ஆனால் அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாதே. ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தித்தான் சொன்னார்.

"எனக்கும் கேக்காது! படையில சேர்றதுக்கு முன்னாடியே கேக்காது! அப்பல்லாம் கைக்கடிகாரத்தக் காதுகிட்ட வச்சு, கேக்குதான்னு கேப்பாங்க. கேக்குதுன்னு சொன்னேன், எடுத்துட்டாங்க. பீரங்கிப் படைய ஏன் கேட்டு வாங்கினேன் தெரியுமா? அங்க எல்லாரும் செவிடு. அவங்களுக்கு நடுவுல என்னை யாருக்குத் தெரியும்?"

பாப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கொரு கூட்டாளி இருந்தான். பீரங்கிய வண்டியில கட்டி நகத்திட்டு இருந்தோம். நான் முன்னாடி நின்னு வண்டிய வரச்சொல்லிக் கை காட்டறேன். அவன் பின்னால இருந்து நிறுத்து, நிறுத்துன்னு கத்தியிருக்கான். எனக்குக் கேக்கல. சக்கரம் அவன் கால்மேல ஏறிடுச்சு. பீரங்கிச் சத்தத்துல கேட்டிருக்காதுன்னு எல்லாரும் விட்டுட்டாங்க." பாப்பாவின் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு ஒரு குண்டுகூட வெடிக்கலம்மா. பயிற்சியே இல்லாத நாள்."

நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன். வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கை கதவில். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. வலது காது எங்கள் பக்கம்தான் இருந்தது.

ஜூன் 23

பாப்பாவை ஓட்டத்துக்குக் கூப்பிட இவர் தினமும் ஊதும் விசில் இன்று காலையில் கேட்கவில்லை. பாப்பா ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இவர் வெளியே வரவில்லை. அவள் தனியாகவே ஓடப் போனாள். திரும்பி வரும்வரை நான் தெருமுனையில் நின்றேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

ஜூன் 25

இரண்டு நாளாக இவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் முகத்தைப் பார்க்காவிட்டால் பேச்சே கிடையாது என்று அர்த்தம். மாமா சாப்பாட்டைத் தன் அறைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று சுவரைத் தட்டினார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், என்னைத் தட்டிக் கூப்பிட வேண்டியதே இல்லை.

"உனக்குச் சந்தோஷம்தானே?" என்றார்.

"இல்ல."

"என்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

கேட்கவில்லை. எழுந்து வந்து, குனிந்து, வலது காதை என் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவரிடம் நான் மெதுவாகப் பேசியதே இல்லை. மெதுவாகச் சொல்லவேண்டியது எவ்வளவோ இருந்தது, கத்திச் சொல்ல முடியாது என்று அப்படியே வைத்திருந்தேன்.

"நீங்க அங்க இருந்தப்பல்லாம் நான் ஒரு நாளும் நிம்மதியா இருந்ததில்ல. இவ போகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்தான். ஆனா இப்படி வேண்டிக்கல."

என் தோளைப் பிடித்துக்கொண்டார். கையில் பாலிஷ் பிரஷ். என் புடவையெல்லாம் கருப்பு.

"அந்த லாரி..." என்றார் கடைசியில். "நான் பக்கத்துலதான் ஓடிட்டு இருந்தேன். பெருமையா பாத்துட்டு இருந்தேன்டி."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "27ஆம் தேதி நானே கூட்டிட்டுப் போறேன். வேணாம்னு நான் சொல்லமாட்டேன், போன்னும் சொல்லமாட்டேன். அவ வாழ்க்கை, அவளே பாத்துக்கட்டும்."

ஜூன் 27, வெள்ளி

அப்பாவும் மகளும் விடியும் முன்னே முதல் வண்டியில் போய்விட்டார்கள். அந்த வண்டிக்கு டைம் கீப்பர் வேறு ஊர்ப் பேரைச் சொல்லி அறிவிப்பு கொடுத்தார்.

மத்தியானம். தகவல் இல்லை.

இன்னும் இல்லை. டைம் கீப்பர் என் டீயையும் அவரே குடித்துவிட்டார், நான் தொடவில்லை என்பதால்.

தேறியிருந்தால்? தேறாமல் போயிருந்தால்? எதற்குப் பயப்படுகிறேன் என்றே தெரியாமல் பயப்படுகிறேன்.

வண்டி வந்துவிட்டது. இறங்குகிறார்கள்.

ஜூன் 28

நேற்று பாப்பா "ஆகலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். இன்று துணி காயப்போட என்னோடு மாடிக்கு வந்தாள். அங்கேதான் சொன்னாள்.

அந்த அறையில் மருந்து வைக்கிற அலமாரி ஒன்று இருந்ததாம், கண்ணாடிக் கதவு போட்டது. இவளை அதற்கு நேரே நிற்க வைத்துவிட்டு டாக்டர் பின்னால் போனார்.

"அவர் வாய் கண்ணாடியில பளிச்சுன்னு தெரிஞ்சுதும்மா. மொதல் நம்பர் சொல்லிட்டேன். ரெண்டாவதும் சொல்லிட்டேன். அவர் எழுதிக்கிட்டாரு. இன்னும் கொஞ்சம்தான், முடிஞ்சிருக்கும்."

"அப்புறம்?"

"தாத்தாவோட கூட்டாளி ஞாபகம் வந்துட்டாரு." கையில் இருந்த ஈரச் சட்டையைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த சட்டைதான். "கண்ண மூடிக்கிட்டேன்."

"கண்ண மூடிக்கிட்டு?"

"ஒண்ணுமே இல்லம்மா. ஒரே அமைதி. அவர் பேசறாரா இல்லையான்னுகூடத் தெரியல. ரொம்ப நேரம் கழிச்சு வந்து தோளத் தொட்டாரு."

அப்போதுதான் அழுதாள். ஓடி ஓடிக் காய்த்துப்போன அந்தக் காலோடு மாடிச் சுவர் ஓரம் உட்கார்ந்து, சின்னக் குழந்தையில் அழுத மாதிரி. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேற்ற வாயைத் திறந்தேன், அவள் என் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். சொன்னாலும் கேட்காது. முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"அப்பாகிட்ட கண்ணாடி விஷயத்தச் சொன்னியா?" என்று பிறகு கேட்டேன்.

"பஸ்ல சொன்னேன். எழுந்து எடம் மாறி, என்னை வலது பக்கம் உக்கார வச்சுக்கிட்டாரு."

ஜூலை 13, ஞாயிறு

இவர் மாமாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனார், தானும் காட்டிக்கொண்டார். டாக்டர் நினைத்தது சரி. பீரங்கி பாதி, பிறப்பு பாதி. வீட்டுக்கு வந்ததும் மாமா என் அறைக் கதவில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்துக்கொண்டுபோய், முன்னறையில் நாலாவது ஆணியில் தானே மாட்டினார். கோணலாகத்தான் மாட்டினார். நான் சரி செய்யவில்லை.

"காது மெஷின் வாங்கலாம்பா" என்று இவர் கத்தினார்.

"எனக்கு எதுக்கு? பாப்பாவுக்கு வாங்கு. நல்லதா வாங்கு."

அக்டோபர் 5, ஞாயிறு

இந்த நோட்டு அலமாரிக்கு அடியில் கிடந்தது. எழுதியே மாதக்கணக்காகிறது. என் தொண்டை முடிச்சு கரைந்துவிட்டது, மைக்கும் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. வண்டிகள் இப்போது அதனதன் ஊருக்குப் போகின்றன.

பாப்பா உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். சேர்க்கை நாளன்றுகூட முகம் தொங்கித்தான் இருந்தது. படை வண்டி ஏதாவது தெருவில் போனால் இன்றும் உள்ளே போய்விடுகிறாள். அதெல்லாம் ஆறக் காலம் பிடிக்கும். காதில் மெஷின் மாட்டிய முதல் வாரம் சமையலறைக் குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டாவது வாரம், "எப்படிம்மா இத்தன நாள் இந்த வீட்ல குடியிருந்தோம்?" என்று சண்டைக்கு வந்தாள். அப்பாவின் விசிலுக்கு இவ்வளவு கேவலமான சத்தமா என்று கேட்டு அவரைப் புண்படுத்தினாள். ஆனாலும் காலையில் இருவரும் ஓடுகிறார்கள்.

இன்றும் ஓடிவிட்டு வந்தார்கள். இவர் உட்காருவதற்கு முன்னாலேயே மேசையைத் தட்டினார். மாமா நிமிர்ந்தார்.

"அப்பா, கேளுங்க! பின்னாடி ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடிச்சான். ஒரே ஒரு தடவைதான். இவ துள்ளிட்டா! அப்படியே ரோட்ட விட்டு ஓரமாப் பாஞ்சுட்டா. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. அவ்வளவு பயம்!"

சொல்லும்போதே இவர் முகம் முழுக்கச் சிரிப்பு. நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மாமா இரண்டு கையாலும் மேசையை ஓங்கித் தட்டினார். பாத்திரமெல்லாம் குதித்தது. "சபாஷ்!"

பாப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"மெதுவா தாத்தா," என்றாள். "கேக்குது."